பெயரிலே பொருள் தேடிய கிரேக்கர்

ஆதென்ஸ் நகரத்தில் ஹெர்மோகெனீஸ் என்று ஒருவர் இருந்தார். பெரிய தனவந்தர் ஒருவரின் புதல்வர்தாம். ஆயினும் பிதுரார்ஜிதம் கைக்கு வந்து சேராமையால் எந்நேரமும் பணமுடைதான். அவரிடம் கிராடிலஸ் என்னும் நண்பர் ஒருநாள், “உலகத்தார் எல்லோரும் கூடி உம்மை ஹெர்மோகெனீஸ் என்று அழைத்தாலும் அது உம்முடைய பெயரன்று” என்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டால் விடையில்லை. ஒரு மர்மப் புன்னகைதான். பாவம், மனிதர் திகைத்துப் போனார்.

இந்தத் தர்க்கம் பிளேட்டோ எழுதிய ‘கிராடிலஸ்’ என்னும் ஸம்பாஷணை நூலில் வருகிறது. ஸாக்ரடீஸ் அங்கே வந்து சேருகிறார், விஷயத்தைக் கேட்கிறார், சிரிக்கிறார். ஹெர்மீஸ் என்பவர் கிரேக்கர்களுடைய தேவர்களில் ஒருவர். லாபத்துக்கும் வாக்குச் சாதுரியத்துக்கும் அதிபதி. ஹெர்மோகெனீஸ் என்றால் ‘ஹெர்மீஸின் குலத்துதித்தவன்’ என்று பொருள். பணம் தேடித் தேடிக் கிடைக்காத ஒருவருக்கு அப்பெயர் எப்படிப் பொருந்தும்? கிராடிலஸ் கேலி செய்கிறார் போலும் என்கிறார் ஸாக்ரடீஸ். நம் ஊரில் ‘லக்ஷ்மீபதி’ என்ற பெயரோடு கடன்காரனுக்குப் பயந்து கொல்லைப்புறமாக வெளியேறுகிறவர்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஆகையால் ஹெர்மோகெனீஸின் சங்கடம் நமக்கு நன்றாகப் புரியும்.

வேடிக்கைக்குப் பின்னே ஒரு பெரிய கேள்வி நிற்கிறது. ஒரு பொருளுக்கு ஒரு சொல் எப்படி வந்தது? பொருளின் இயல்பே அச்சொல்லை ஈன்றதா? அல்லது நாலு பேர் கூடி, ‘இதை இப்படி அழைப்போம்’ என்று வைத்துக்கொண்டதா? வழக்கமே காரணம் என்பது ஹெர்மோகெனீஸின் கட்சி. வீட்டு அடிமைக்கு நாம் பெயரை மாற்றி வைக்கிறோமே, புதுப் பெயரும் பழைய பெயரைப் போலவே செல்லுகிறதே என்று அவர் உதாரணம் காட்டுகிறார். இயல்பே காரணம் என்பது கிராடிலஸின் கட்சி. அது மெய்யானால், சொல்லைப் பிளந்து பார்த்தால் போதும். பொருளின் உண்மை உள்ளே இருக்கும். ‘எதுமோஸ்’ என்றால் கிரேக்கில் ‘மெய்யான’ என்று பொருள். அதன் இனச்சொல்லிலிருந்தே சொற்பிறப்பு நூலுக்கு ‘எதிமோலோகியா’ என்ற பெயர் பிற்காலத்தில் உண்டாயிற்று. சொல்லின் பிறப்பைத் தேடுவது மெய்யைத் தேடுவதாகும் என்று அவர்கள் நம்பியதை அந்தப் பெயரே காட்டுகிறது.

இந்த நம்பிக்கை பிளேட்டோவுக்கு நெடுங்காலம் முந்தியது. ஹோமருடைய காவியத்தில் ஒடிஸ்யூஸ் குழந்தையாக இருக்கும்போது பாட்டனார் அவுடோலிகஸ் பெயர் வைக்கிறார். தாம் பலருடைய கோபத்துக்குப் பாத்திரமானவர் என்பதால், கோபத்தைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்தே பேரனுக்குப் பெயரை எடுக்கிறார். டிராய் நகரத்து வீரன் ஹெக்டார் தன் மகனுக்கு வைத்த பெயர் ஸ்கமாண்டிரியஸ். ஊரார் அழைத்ததோ அஸ்தியானாக்ஸ், அதாவது ‘நகரத்துக்கு அரசன்’. நகரத்தைக் காத்தவன் அவன் தகப்பன் அல்லவா! ஹெஸியட் என்னும் கவி, ‘அஃப்ரோஸ்’ ஆகிய கடல் நுரையிலிருந்து பிறந்தவள் ஆனதால் அஃப்ரோடைட் என்று பெயர் வந்தது என்பார். கவிகள் இப்படிச் சொல்லும்போது யாரும் சண்டைக்குப் போவதில்லை. தத்துவ சாஸ்திரிகள் இதையே பிரமாணமாகக் கொண்டபோதுதான் தொல்லை பிறந்தது.

ஸாக்ரடீஸ் விசாரணையைத் தொடங்குமுன் ஒரு விஷயம் சொல்லுகிறார். பிராடிகஸ் என்னும் ஆசிரியர் சொற்களைப் பற்றி ஐம்பது டிராக்மா கட்டணத்துக்கு ஒரு பாடம் நடத்துவதுண்டு. அதைக் கேட்டிருந்தால் உடனே விடை சொல்லியிருப்பேன். நான் கேட்டதோ ஒரு டிராக்மா பாடந்தான் என்கிறார். உபாத்தியாயத் தொழிலில் இருக்கும் நமக்கு இது சற்றுச் சுருக்கென்று தைக்கிறது. ஒரு டிராக்மா படிப்பைக் கொண்டே அவர் பொழியும் சொற்பிறப்புக்களுக்குக் கணக்கில்லை. மனிதனைக் குறிக்கும் ‘அந்த்ரோபோஸ்’ என்ற பதத்தை எடுக்கிறார். மற்ற மிருகங்கள் கண்டதைக் கண்டதோடு விடுகின்றன. மனிதன் ஒருவனே தான் கண்டதை ஆராய்ந்து பார்க்கிறான். ‘கண்டதை ஆராய்கிறவன்’ என்னும் பொருள்படும் கிரேக்கத் தொடர் சுருங்கியே அந்த்ரோபோஸ் ஆயிற்றாம். உடலைக் குறிப்பது ‘ஸோமா’. கல்லறையைக் குறிப்பது ‘ஸேமா’. ஆத்மா புதைக்கப்பட்ட கல்லறையே உடல் என்று சிலர் சொல்லுவதுண்டு. ‘ஸேமா’ என்பதற்கு அடையாளம் என்றும் பொருளுண்டாகையால், ஆத்மா தன் எண்ணத்தை உடல் மூலமாக அடையாளங் காட்டுகிறது என்றும் கொள்ளலாம். ஆர்ஃபியஸ் மதத்தினரோ, ஆத்மா தன் தண்டனைக் காலம் தீருமட்டும் பத்திரமாக வைக்கப்படும் சிறையே உடல் என்று, ‘காத்தல்’ என்ற பொருளுடைய வேறொரு வினையிலிருந்து வருவிப்பர். மூன்றில் எது சரி? மூன்றுமே இருக்கட்டும் என்பதுதான் அக்கால மனப்பான்மை. ஒரு சொல்லுக்கு இரண்டு பிறப்புக் கூறினால் ஒன்று பொய்யாக வேண்டுமே என்ற எண்ணம் அவர்களுக்கு அவ்வளவாக இல்லை.

திராட்ச மதுவைக் குறிக்கும் ‘ஓய்னோஸ்’ என்ற சொல்லுக்கு அவர் கூறும் காரணம் ரஸமானது. புத்தியில்லாத குடியர்களைத் தமக்குப் புத்தி இருப்பதாக எண்ணச் செய்வதால், ‘எண்ணுதல்’, ‘புத்தி’ என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து அப்பெயர் வந்ததாம். மதுவிலக்குப் பிரசாரகர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

இவையெல்லாம் விளையாட்டா, வினையா என்று அறிஞர்கள் இன்றுவரை வாதாடுகிறார்கள். விளையாட்டும் வினையும் கலந்தது என்பதே நம் அபிப்பிராயம். ஏனெனில் நூலின் பிற்பகுதியில் கிராடிலஸையே பிடித்து நிறுத்தி ஸாக்ரடீஸ் கேட்கும் கேள்வி விளையாட்டன்று. எழுத்துக்களின் ஒலிக்கே பொருள் உண்டு என்று முதலில் இருவரும் ஒப்புக்கொள்ளுகிறார்கள். ‘ர’ என்னும்போது நா துடிக்கிறது. ஆகையால் அது அசைவைக் காட்டும். ‘ல’ என்னும்போது நா வழுக்குகிறது. ஆகையால் அது மென்மையையும் வழவழப்பையும் காட்டும். சரி, கடினம் என்று பொருள்படும் ‘ஸ்க்லேரோடேஸ்’ என்ற சொல்லின் நடுவே மென்மைக்குரிய லகரம் ஏன் உட்கார்ந்திருக்கிறது? மேலும், இதே சொல்லை எரெட்ரியா நாட்டார் கடைசியில் ‘ர்’ வைத்துச் சொல்லுகிறார்களே, ஆதென்ஸார் ‘ஸ்’ வைத்துச் சொல்லுகிறார்களே. இரண்டு பேருக்கும் பொருள் விளங்குகிறதே, எப்படி? ‘பழக்கத்தால்’ என்கிறார் கிராடிலஸ். அவ்வளவுதான், கோட்டையில் ஓட்டை விழுந்துவிட்டது. பெயர் வைத்த ஆதிமனிதன் தவறாக வைத்திருந்தால், அவன் பின்னே போகும் நாமும் தவறித்தானே போவோம்? ஆகவே பெயர்களைக் கொண்டு பொருள்களை அறிவதைவிடப் பொருள்களைப் பொருள்களைக் கொண்டே அறிவது மேல் என்று ஸாக்ரடீஸ் முடிக்கிறார். இந்தக் கிராடிலஸ் கடைசிக் காலத்தில் பேசுவதையே விட்டுவிட்டு விரலை மாத்திரம் அசைத்துக் கொண்டிருந்தார் என்று அரிஸ்டாடில் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டிலும் இவ்வழக்கு நடந்ததுண்டு. பெயர்ச்சொற்கள் எல்லாம் வினைத் தாதுக்களிலிருந்தே பிறந்தவை என்றார் சாகடாயனர். கார்க்கியர் அதை மறுத்தார்: வழியைக் கடந்து செல்லுவதால் குதிரைக்கு ‘அசுவம்’ என்று பெயர் வந்ததானால், வழி நடக்கும் அனைவரும் அசுவங்கள் ஆக வேண்டுமே! யாஸ்கர் தம்முடைய நிருக்தத்தில் இரண்டு கட்சியையும் எடுத்துக்கூறிச் சாகடாயனர் பக்கமே தீர்ப்புச் சொல்லுகிறார். ஆதென்ஸாருக்கு இச்செய்தி தெரியாது. யாஸ்கருக்கும் ஆதென்ஸார் தெரியாது.

பிளேட்டோவின் எச்சரிக்கையை அவருக்குப் பின் வந்த ஸ்டோயிக் தத்துவ ஞானிகள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர்களில் தலைசிறந்தவர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரிஸிப்பஸ். மனம் இருக்குமிடம் இருதயமா, மூளையா என்பது அக்காலத்துப் பெரும் பிரச்னை. இருதயமே என்பது கிரிஸிப்பஸின் முடிவு. அதற்கு அவர் காட்டிய சான்றுகளில் ஒன்று ‘நான்’ என்று பொருள்படும் ‘எகோ’ என்ற சொல். அதை உச்சரித்துப் பாருங்கள். முதல் எழுத்தைச் சொல்லும்போது கீழுதடும் மோவாயும் மார்பை நோக்கி இறங்குகின்றன. ‘நான்’ இருக்குமிடம் மார்பு என்று வாயே சுட்டிக் காட்டுகிறதன்றோ? இருதயத்தைக் குறிக்கும் ‘கார்டியா’ என்பதும் ‘ஆளுகை’ என்ற சொல்லிலிருந்து வந்தது. உடலை ஆளுவது அதுவே என்பதற்கு வேறென்ன வேண்டும்? இவ்வாறு போகிறது வாதம்.

நானூறு வருஷங்களுக்குப் பிறகு ரோமாபுரியில் வைத்தியம் செய்த காலன் என்னும் கிரேக்க வைத்தியர் இதைப் படித்துவிட்டுக் கொதித்தெழுந்தார். ‘அவன்’ என்று பொருள்படும் ‘எகெய்னோஸ்’ என்ற சொல்லும் அதே எகரத்தில்தானே தொடங்குகிறது? அப்போதும் மோவாய் இறங்கத்தானே செய்கிறது? அவனும் நம் மார்புக்குள்ளேயே குடியிருக்கிறானோ? காலன் வாதத்தோடு நிற்கவில்லை. சபையோர் முன்னிலையில் ஒரு பன்றியைக் கிடத்திக் குரல்வளைக்குச் செல்லும் நரம்புகளைக் கட்டினார். அதுவரையில் வீறிட்டுக் கத்திய பிராணி சட்டென்று ஊமையாயிற்று. இருதயம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. குரலை ஏவுவது மூளையிலிருந்து இறங்கும் நரம்பே என்று கண்ணால் காட்டிவிட்டார். சொல்லைப் பிளந்தவருக்கும் உடலைப் பிளந்தவருக்கும் நடந்த இந்த வழக்கில் நோயாளியின் உயிரும் சம்பந்தப்பட்டிருந்தது என்பதை மறக்கக் கூடாது. புத்தி கலங்கியவனுக்கு எங்கே மருந்து போடுவது, தலைக்கா மார்புக்கா என்பது வெறும் இலக்கணப் பிரச்னையன்று.

ஸெக்ஸ்டஸ் என்ற மற்றொரு வைத்தியர் தர்க்கத்தாலேயே இலக்கணிகளை மடக்கினார். விளக்கு ‘லுக்னோஸ்’, இருளைக் கரைப்பதால் அப்பெயர் வந்தது என்பீர்கள். சரி, இருளைக் குறிக்கும் சொல் எதிலிருந்து வந்தது? அதற்கு ஒன்று சொன்னால், அது எதிலிருந்து வந்தது? இப்படியே போனால் முடிவேது? முடிவில் ஏதேனும் ஒரு சொல்லைப் பழக்கத்தால் வந்தது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டால் என்ன? நமது வகுப்பில் ஒரு சிறுவன் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டான்: “நாய்க்கு ஏன் ஸார் நாய் என்று பெயர்?” ஸெக்ஸ்டஸைப் படியாமலே அவன் அந்த இடத்துக்கு வந்துவிட்டான்!

ஒரே சொல் ஆயிரம் வருஷத்துக்கு மேல் எப்படியெல்லாம் புரட்டப்பட்டது என்பதற்குத் தெய்வத்தைக் குறிக்கும் ‘தெயோஸ்’ நல்ல உதாரணம். சரித்திர ஆசிரியர் ஹெரொடோடஸ், தேவர்கள் யாவற்றையும் ஒழுங்காக ‘வைத்தார்கள்’. ஆதலால் பூர்வ குடிகள் அவர்களைத் தெயோய் என்று அழைத்தார்கள் என்று எழுதினார். பிளேட்டோவின் ஸாக்ரடீஸ், ஆதி கிரேக்கர் வணங்கியது சூரியன், சந்திரன், நக்ஷத்திரங்கள். அவை ஓயாமல் ‘ஓடுகின்றன’. ஓடுதலைக் குறிக்கும் ‘தெயின்’ என்பதிலிருந்து பிறந்தது அப்பெயர் என்றார். பிறகு கிறிஸ்தவ சமயம் பரவியது. பழைய தேவர்கள் போனார்கள். சொல் மாத்திரம் நின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கியா நகரத்துத் தெயொஃபிலஸ் என்னும் அத்தியக்ஷர், எல்லாவற்றையும் உறுதியாக வைத்ததாலும், எங்கும் ஓடி இயக்குவதாலும் கடவுளுக்கு அப்பெயர் என்று இரண்டு பழங்கதைகளையும் தம் மதத்துக்கு இசைத்துக்கொண்டார். எட்டாம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் நகரத்து யோவான், ஓடுவதால், பாவத்தை எரிப்பதால், அனைத்தையும் காண்பதால் என்று மூன்று காரணங் கூறினார். நக்ஷத்திரங்களின் ஓட்டம் கடவுளின் வியாபகமாக மாறிவிட்டது! மதம் மாறினாலும் இலக்கண வித்தை மாறவில்லை.

அந்த வித்தைக்கு ஒரு விதியும் உண்டு. எழுத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், திரிக்கலாம், இடம் மாற்றலாம். நம்முடைய தோன்றல், திரிதல், கெடுதலை இங்கே நேயர்கள் நினைக்கக்கூடும். ஆனால் எப்போது, எந்த எழுத்து என்ற வரையறை அவர்களுக்கு இல்லை. வரையறையில்லாத வித்தையைக் கொண்டு எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லாகவும் ஆக்கிவிடலாம். எல்லாப் பாஷைகளும் தம் பாஷையிலிருந்தே பிறந்தன என்று சாதிக்கும் நண்பர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்கள் கையிலும் இதே ஆயுதந்தான் இருக்கிறது.

பைஸாண்டிய ஸாம்ராஜ்ய காலத்தில் இந்தச் சரக்கெல்லாம் பெரிய பெரிய அகராதிகளாகத் திரண்டது. ஒன்பதாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் எழுந்த ஓர் அகராதிக்கு ‘உண்மையானது’ என்ற அடைமொழி சேர்ந்த பெயரைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் இட்டனர். அதன் இரண்டு பழைய பிரதிகள் கிடைத்திருக்கின்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ‘மகா சொற்பிறப்பகராதி’ தோன்றியது. மடாலயங்களில் விளக்கடியில் உட்கார்ந்து முன்னோர் சொன்ன காரணம் ஒவ்வொன்றையும் விடாமல் பிரதி செய்தார்கள். அவர்கள் கூறிய பிறப்புக்களில் பெரும்பாலானவை பிழை. ஆனாலும் ஒரு சொல்லுக்கு ஆதாரங் காட்டும்பொருட்டு அவர்கள் பழங்கவிகளின் அடிகளை எடுத்துக் கோத்தார்கள். பின்னர் 1204-ல் சிலுவைப் போர்வீரர்கள் கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடினார்கள். 1453-ல் துருக்கர்கள் அதைப் பிடித்தார்கள். மூல நூல்கள் எத்தனையோ அழிந்தன. கவியரசி ஸாஃபோ, அலெக்ஸாண்டிரியாவின் கல்லிமகஸ் முதலியோர் எழுதி மறைந்துபோன பாடல்களின் சில துணுக்குகள் இந்த அகராதிகளுக்குள்தான் பிழைத்துக் கிடக்கின்றன. ஒரு பொய்யான சொற்பிறப்பைப் பொதிந்து வைத்த காகிதத்தில் ஒரு மெய்யான கவிதையடி!

மகா அகராதி 1499-ஆம் வருஷத்தில் வெனிஸ் நகரத்தில் அச்சேறியது. அதை அச்சிட்டவர் ஜகரியாஸ் கல்லியெர்கீஸ். பணம் போட்டவர் நிகலாஸ் வ்லாஸ்டோஸ். இருவரும் கிரீட் தீவினர். அதற்குத் தூண்டுகோலாக இருந்தவள் அன்னா நொடராஸ் என்னும் சீமாட்டி. அவளுடைய தகப்பனார் கான்ஸ்டாண்டிநோபிளில் ஸாம்ராஜ்யத்தின் பெருந்தலைவர்களில் ஒருவர். நகரம் வீழ்ந்த உடனே கொல்லப்பட்டார். நாடு இல்லை, அரசு இல்லை. அந்நிய நகரத்தில் இருந்துகொண்டு அவர்கள் முதலில் அச்சிட எடுத்த நூல் தங்கள் பாஷையின் சொற்பிறப்பகராதி. சிவப்பு மையில் கொடிகளும் பூக்களும் பின்னிய தலைப்புக்களோடு விளங்கும் அந்தப் பதிப்பை இன்றும் அச்சுக் கலையின் அழகுகளில் ஒன்றாகப் போற்றுகிறார்கள்.

சொற்பிறப்புக்கு வரையறை வந்தது மிகப் பிற்பாடு. 1786-ல் கல்கத்தாவில் ஸர் வில்லியம் ஜோன்ஸ், ஸம்ஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரு பொது மூலத்திலிருந்து கிளைத்தவை என்றார். அடுத்த நூற்றாண்டில் எந்த எழுத்து எந்தப் பாஷையில் எதுவாக மாறும் என்ற விதிகளை ஜெர்மானிய அறிஞர்கள் கண்டார்கள். அந்த விதிகளின் வெளிச்சத்தில் பழைய கிரேக்கர்களைப் பார்க்கும்போது ஓரிடம் நம்மை நிறுத்துகிறது. நெருப்பைக் குறிக்கும் ‘பூர்’ என்ற சொல்லுக்கு ஸாக்ரடீஸால் காரணங் காண முடியவில்லை. ஃபிரிஜியா நாட்டாரும் சிறிது மாற்றி இதையே சொல்லுகிறார்கள். தண்ணீருக்குரிய ‘ஹுதோர்’, நாய்க்குரிய சொல் முதலியனவும் அப்படியே. ஆகவே இவை அந்நியச் சொற்களாக இருக்கும் என்று அவர் ஒதுக்கிவிடுகிறார். நாடகக்காரர் கதை சிக்கிக்கொண்டால் யந்திரத்தில் தேவரை இறக்குவது போல, அந்நியச் சொல் என்று சொல்லித் தப்புவதும் ஓர் உபாயம் என்று தம்மையே பரிகாசம் வேறு செய்துகொள்ளுகிறார். உண்மை என்ன? அவை கடன் வாங்கிய சொற்களல்ல. இரண்டு பாஷைக்கும் பாட்டன் வீட்டுச் சொத்து. ‘ஹுதோர்’ நாமறிந்த ‘உதகம்’ என்பதற்கு உறவு. நாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ‘சுனகன்’ என்பதற்கு உறவு. ‘பூர்’ ஆங்கிலத்து ‘ஃபயர்’ என்பதற்கு உறவு. இரண்டாயிரத்து நூறு வருஷங்கழித்துக் கல்கத்தாவில் விளங்கிய விஷயத்தின் நுனி ஆதென்ஸில் அவர் கையில் அகப்பட்டிருந்தது. இழுத்துப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

தெயோஸ் விஷயத்தில் வேடிக்கை வேறு. கேட்பதற்கு நம் ‘தேவ’ போல இருந்தாலும் இரண்டுக்கும் சம்பந்தமில்லை; தேவ என்பதற்கு உறவு ஸீயஸ் என்னும் பெயரே. வேதத்தில் வரும் ‘த்யௌஸ்’ என்பதும் அதுவே. தெயோஸை, வைத்தல் என்ற பொருளுடையதும் ‘விதாதா’ என்ற பதத்தில் இருப்பதுமான தாதுவோடு இன்றைய அறிஞர் பலர் சேர்க்கின்றனர். அப்படியானால் தத்துவ ஞானிகளையும் மத குருமார்களையும்விடக் கதை சொல்லியான ஹெரொடோடஸே இலக்குக்கு அருகில் அம்பு விட்டிருக்கிறார்!

மனிதனாகிய அந்த்ரோபோஸ் என்ன ஆனான்? மத்திய கால அகராதிகள் ‘மேலே நோக்குகிறவன்’ என்று அவனை விளக்கின. 1952-ல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர், ஹோமருக்கும் பல நூற்றாண்டுகள் முந்திய களிமண் ஏடுகளில் இருந்த எழுத்தை வாசித்து, அது கிரேக்கமே என்று கண்டார். அந்த ஏடுகளில் இச்சொல்லும் அகப்பட்டது. பிற்காலத்தில் பகரமாக நிற்கும் இடத்தில் அங்கே ககர இனத்து ஒலியொன்று இருந்தது. ஆகவே பிற்பாதி ‘கண்’ அல்லது ‘முகம்’ என்ற பொருளுடைய பழஞ்சொல்லாக இருக்கக்கூடும். காணுதல் அச்சொல்லுக்குள் இருக்கிறது என்றவரைக்கும் ஸாக்ரடீஸ் சொன்னது முழுப்பொய் ஆகாது. ‘ஆண்மகனின் முகமுடையவன்’ என்று சிலர் பிரிக்கிறார்கள். கிரேக்கர் வருமுன் அந்நாட்டிலிருந்த வேறொரு பாஷைச் சொல் என்று சிலர் மறுக்கிறார்கள். முற்பாதியைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை.